தட்டுவதா, நீவுவதா, நடப்பதா? மலையில் மூச்சிரைப்போடு வாழ்பவர்களுக்கு ஓர் ஒப்பீடு

தென்மேற்குப் பருவமழை பிடித்த வாரத்தில் கோத்தகிரிப் பக்கமிருந்து ஒரு மகள் போனில் பேசினார். அப்பாவுக்கு 68 வயது, தேயிலைத் தொழிற்சாலையில் 30 வருட வேலை. பீடியை விட்டு 6 வருடம் ஆகியும் மூச்சிரைப்பு கூடிக்கொண்டேதான் போகிறது.

"மேடம், நெஞ்சைத் தட்டி சளியை எடுத்தா சரியாயிடும்னு பக்கத்து வீட்டுல சொல்றாங்க. டவுன்ல ஒரு இடத்துல மேனுவல் தெரபின்னு பத்து சிட்டிங் சொல்றாங்க, முதுகெலும்பையும் விலாவையும் சரி பண்ணினா மூச்சு திறந்துடுமாம். அம்மா, தைலம் போட்டு நீவி விட்டாலே போதும்ங்கிறாங்க. டாக்டர் நடக்கச் சொல்றார். அவரால பாத்ரூம் வரைக்கும் போறதே கஷ்டமா இருக்கு. கையில இருக்கிற காசு ஏதாவது ஒண்ணுக்குத்தான் வரும். எதை எடுக்கட்டும்?"

இந்த மலையில் பிசியோதெரபிஸ்டாக 14 வருடம் ஆகிறது. குன்னூரிலிருந்தும் கூடலூரிலிருந்தும் இதே கேள்வி வருகிறது, கொடைக்கானலில் இருக்கும் உறவினர்களும் கேட்கிறார்கள். போனில் பத்து நிமிடத்தில் சொல்லி முடிக்க முடியாததால் இங்கே விரிவாக எழுதுகிறேன். சி.ஓ.பி.டி. என்கிற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், பழைய காசநோய் விட்டுப்போன தழும்பு, மூச்சுக்குழாய்கள் நிரந்தரமாக அகன்று சளி தேங்கும் மூச்சுக்குழாய் விரிவு நோய் ஆகியவற்றோடு வீட்டில் இருப்பவர்களுக்கானது இது. திடீரென்று மூச்சு முட்டுகிறது, உதடு நீலம் பாய்கிறது, பேச்சு குழறுகிறது என்றால் இதைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம், ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். இன்ஹேலரை நிறுத்திவிட்டுச் செய்யும் எந்தக் கைவைத்தியமும் இந்த ஒப்பீட்டில் இல்லை. கீழே சொல்லும் எல்லாமே மருந்தோடு சேர்த்துச் செய்ய வேண்டியவை.

## எதை வைத்து அளப்பது

முதல் அளவுகோல், எந்தத் தொல்லைக்காகச் செய்கிறோம் என்பது. "மூச்சு வாங்குது" என்ற ஒரே சொல்லுக்குள் நான்கு தனித்தனித் தொல்லைகள் இருக்கின்றன.

ஒன்று, சளி. நிறைய ஊறுகிறது, கெட்டியாக இருக்கிறது, வெளியே வர மறுக்கிறது.

இரண்டு, காற்றுத் தேக்கம். சி.ஓ.பி.டி.யில் காற்றை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதுதான் பெரும்பாடு. பின்படியில் ஆள் இறங்கி முடிப்பதற்குள் முன்படியில் ஆள் ஏறிவிட்டால் பஸ் என்ன ஆகும்? அப்படித்தான் நெஞ்சுக்குள் பழைய காற்று தேங்குகிறது. நெஞ்சுக்கூடு பீப்பாய் மாதிரி உப்பி நிற்கும். மூச்சை இழுக்கும் முக்கியத் தசையான, குவிந்திருக்க வேண்டிய உதரவிதானம் தட்டையாகி, இழுக்க வலுவில்லாமல் போகும்.

மூன்று, இறுக்கம். உதரவிதானம் செய்ய முடியாத வேலையைக் கழுத்துத் தசைகளும் தோள் தசைகளும் இழுத்துப்போட்டுக்கொண்டு செய்கின்றன. ஒரு நாளைக்கு இருபதாயிரம் மூச்சுக்கு மேல் இழுத்தால் எந்தத் தசைதான் வலிக்காது?

நான்கு, கால். மூச்சிரைக்கும் என்ற பயத்தில் உட்கார்ந்தே இருப்பதால் தொடைத் தசை கரைகிறது. கரைந்த தசை சிறு வேலைக்கே அதிக ஆக்சிஜன் கேட்கும். அதனால் மூச்சு இன்னும் வாங்கும், இன்னும் உட்காரச் சொல்லும்.

எந்தச் சிகிச்சையும் இந்த நான்கையும் ஒருசேரத் தீர்ப்பதில்லை. உங்கள் வீட்டு நோயாளிக்கு நான்கில் எது முன்னால் நிற்கிறது என்று பார்க்காமல் சிட்டிங்குக்குப் பணம் கட்டாதீர்கள்.

மற்ற அளவுகோல்கள்: ஆய்வுகள் என்ன காட்டியிருக்கின்றன, ஆபத்து உண்டா, பலன் எத்தனை நாள் நிற்கும், வீட்டிலேயே தொடர முடியுமா. கடைசியாக மலைச்செலவு. பில்லில் வராத செலவு என்பதால் எல்லாரும் இதை மறந்துவிடுகிறார்கள்.

மலைச்செலவு என்று நான் சொல்வது இதைத்தான். உதகை சுமார் 2,240 மீட்டர் உயரம், குன்னூர் சுமார் 1,850. உதகையில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கு அளவுதான். காற்றில் ஆக்சிஜன் அதே 21 சதவீதம் இருந்தாலும் ஒவ்வொரு மூச்சிலும் கைக்கு வருவது குறைவு. விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் விரல்மானியில் கோவை ஆஸ்பத்திரியில் 93 காட்டியவர் வீட்டுக்கு வந்ததும் 88 காட்டலாம். கொண்டை ஊசி வளைவுகளில் குமட்டிக்கொண்டு இறங்கி, கீழே வெயிலில் காத்திருந்து, மறுபடி ஏறி வந்து, அடுத்த நாள் முழுக்கப் படுத்துக் கிடக்கிறார் என்றால் அந்த நாளும் சிகிச்சையின் விலைதான். கூட வருகிற மகனின் ஒரு நாள் கூலியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

## நெஞ்சைத் தட்டிச் சளி எடுப்பது

கையைக் கிண்ணமாகக் குவித்து முதுகிலும் விலாப்பக்கத்திலும் தட்டுவது, மூச்சை வெளியே விடும்போது அதிர்வு கொடுப்பது, சளி தேங்கிய பகுதி மேலே இருக்கும்படி சாய்த்துப் படுக்க வைப்பது. மூன்றும் சேர்ந்ததுதான் பலருக்குத் தெரிந்த "செஸ்ட் பிசியோ".

சளி அதிகம் உள்ளவருக்கு இது உண்மையான உதவி. மூச்சுக்குழாய் விரிவு நோய், காசநோய்க்குப் பின் ஒரு பக்க நுரையீரல் சிதைந்தவர்கள், தினமும் கால் டம்ளர் சளி துப்புகிறவர்கள், இருமச் சக்தியில்லாமல் படுத்த படுக்கையாய் இருப்பவர்கள் ஆகியோருக்கு நானே தட்டுகிறேன், வீட்டாருக்கும் சொல்லிக்கொடுக்கிறேன்.

சி.ஓ.பி.டி. என்றாலே தட்ட வேண்டும் என்பது மட்டும் பழைய பழக்கம். வேலைக்கு வந்த புதிதில் நானும் அப்படித்தான் செய்தேன். வறட்டு இருமலோடு வந்த ஒரு பெரியவருக்கு மூன்று வாரம் தட்டினேன். அவர் மரியாதைக்காகத் தினமும் "பரவாயில்லம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு எடுக்கச் சளியே இல்லை. காற்றுத் தேக்கம்தான் தொல்லை. அந்த மூன்று வாரத்தில் அவர் காலுக்கு ஒரு பயிற்சிகூட நான் கொடுக்கவில்லை. இன்று நினைத்தாலும் வருத்தமாக இருக்கிறது.

இங்கிலாந்தில் சி.ஓ.பி.டி. முற்றி ஆஸ்பத்திரியில் சேர்ந்த 526 பேரிடம் இதைச் சோதித்து 2010-ல் வெளியிட்டார்கள். எல்லாருக்கும் மூச்சு நுட்பங்கள் சொல்லிக்கொடுத்து, பாதிப் பேருக்கு மட்டும் கையால் தட்டலும் அதிர்வும் சேர்த்தார்கள். ஆறு மாதம் கழித்து இரு குழுவின் வாழ்க்கைத் தரத்திலும் சொல்லிக்கொள்ளும்படியான வேறுபாடு இல்லை. சளியை வெளியேற்றவே வேண்டாம் என்று இதற்குப் பொருள் கொள்ளாதீர்கள். அவரவர் மூச்சாலேயே வெளியேற்றக் கற்றுக்கொண்டவருக்கு இன்னொருவர் கை கூடுதலாகத் தரும் பலன் குறைவு என்பதுதான் செய்தி.

ஆபத்துகளும் உண்டு. சளியில் ரத்தம் வந்தவர், எலும்பு தேய்ந்தவர், ரத்தம் இளக்கும் மாத்திரை போடுகிறவர், விலா முறிவு உள்ளவர், இதயம் பலவீனமானவர் ஆகியோருக்கு டாக்டரைக் கேட்காமல் தட்டக் கூடாது. தலையைக் கீழே சாய்த்துப் படுக்க வைப்பதைப் பல சி.ஓ.பி.டி. நோயாளிகளால் தாங்கவே முடியாது. மலையில் ஆக்சிஜன் ஏற்கெனவே விளிம்பில் இருப்பவருக்கு அந்த நிலையில் இன்னும் இறங்கும். சாப்பிட்டு ஒன்றரை மணி நேரமாவது கழியாமல் செய்யாதீர்கள். விரல்மானி இருந்தால் தட்டும் முன்னும் பின்னும் பாருங்கள்.

## விலாவையும் முதுகெலும்பையும் கையாளும் மேனுவல் தெரபி

அதிகம் விசாரிக்கப்படுவதும் அதிகம் விற்கப்படுவதும் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

இதில் பல அடுக்குகள் உள்ளன. கழுத்துத் தசைகளை மெல்ல அழுத்தித் தளர்த்துவது ஒன்று. விலா மூட்டுகளை மூச்சின் போக்கிலேயே அசைத்துக்கொடுப்பது இன்னொன்று. உதரவிதானத்தின் விளிம்பை விலாவுக்கடியில் விரலால் பிடித்து நெகிழ்த்துவதும் உண்டு. முதுகெலும்பைச் சட்டென்று சொடுக்கு எடுப்பது கடைசி. நான்கையும் ஒரே பெயரில் சொல்லிவிடுகிறார்கள், ஆபத்தும் பலனும் நான்குக்கும் ஒன்றல்ல.

கூடு இறுகியிருக்கிறது, கூட்டை நெகிழ்த்தினால் நுரையீரல் நன்றாக விரியும் என்பது இதன் பின்னுள்ள எண்ணம். கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் சி.ஓ.பி.டி.யில் அடைப்பு இருப்பது கூட்டில் அல்ல. சிறு மூச்சுக்குழாய்களின் சுவர் தடித்திருக்கிறது, காற்றுப் பைகளின் சுவர் கிழிந்திருக்கிறது. எந்தக் கையும் அங்கே எட்டாது. அதோடு, ஏற்கெனவே அளவுக்கு மேல் விரிந்து நிற்கும் நெஞ்சை இன்னும் விரியச் செய்து என்ன பயன்?

அமெரிக்காவில் 65 வயதுக்கு மேற்பட்ட 35 சி.ஓ.பி.டி. நோயாளிகளிடம் செய்து 2008-ல் வெளியிட்ட ஆய்வை நான் எல்லாரிடமும் சொல்வதுண்டு. ஒரு பகுதியினருக்கு ஆஸ்டியோபதி என்கிற, தசையையும் மூட்டையும் கையால் சரிசெய்யும் முறையை ஒழுங்காகச் செய்தார்கள். மற்றவர்களுக்குப் பேருக்குத் தொட்டுவிட்டு விட்டார்கள். முறையாகச் சிகிச்சை பெற்றவர்களில் பெரும்பாலோர் மூச்சு இலகுவாக இருப்பதாகச் சொன்னார்கள். ஆனால் கருவி வைத்து அளந்தபோது நுரையீரலில் தேங்கிய காற்று சிறிது கூடியிருந்தது. பேருக்குத் தொடப்பட்டவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோர் நன்றாக இருப்பதாகவே சொன்னார்கள்.

அவர்கள் பொய் சொல்லவில்லை. வலித்த தசை தளர்ந்தால் மனமும் தளரும், பயம் குறையும், மூச்சு இலேசாகத் தோன்றும். அதற்கும் மதிப்பு உண்டு. அந்த உணர்வை நுரையீரல் திறந்துவிட்டதாக எடுத்துக்கொண்டு இன்ஹேலரைக் குறைப்பதுதான் ஆபத்து. எனக்குத் தெரிந்து இருவர் அப்படிக் குறைத்து, மார்கழிக் குளிரில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள்.

உடற்பயிற்சியோடு இதையும் சேர்த்துக் கொடுத்தால் கூடுதல் பலன் வருமா என்று ஆஸ்திரேலியாவில் சிறு அளவில் பார்த்திருக்கிறார்கள். நம்பிக்கை தரும் சில அறிகுறிகள் தெரிந்தன. குடும்பத்துச் சேமிப்பை எடுத்துப் போடும் அளவுக்கு வலுவான சான்றுகள் அவை அல்ல.

சொடுக்கு எடுப்பது பற்றி என் கருத்தை நேராகச் சொல்கிறேன். நாள்பட்ட நுரையீரல் நோயாளிக்கு நான் அதைச் செய்வதில்லை. இவர்களில் பலர் ஆண்டுக்கணக்கில் அவ்வப்போது ஸ்டீராய்டு மாத்திரை விழுங்கியவர்கள். வயதும் ஆயிற்று, வெயிலில் நடமாட்டமும் இல்லை. எலும்பு உள்ளுக்குள் சல்லடையாகி இருக்கும். பலமாக இருமியதிலேயே விலா முறிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட முதுகில் சட்டென்று ஒரு அழுத்து கொடுப்பதால் வரும் லாபம் எனக்கு விளங்கவில்லை.

பிறகு எப்போது இது நல்ல தேர்வு? கழுத்தும் தோளும் இறுகித் தூக்கம் கெடுகிறது, விலாப்பக்க வலியால் ஆழ்ந்து இருமவோ நடக்கவோ முடியவில்லை, விழுந்து எழுந்ததில் தோள் தூக்க முடியவில்லை. இப்படித் தெளிவான தசை, மூட்டுத் தொல்லை இருந்தால் இரண்டு மூன்று சிட்டிங் மென்மையான கையாளல் நடைப்பயிற்சிக்கு வழி திறந்துவிடும். நானும் செய்கிறேன். மூன்றாவது சிட்டிங்கில் வலியோ தூக்கமோ மாறவில்லையென்றால் பத்தாவதிலும் மாறாது. பத்துக்கும் முன்பணம் கட்டச் சொல்லும் இடத்தில் முதலில் மூன்றுக்கு மட்டும் கட்டுகிறேன் என்று கேளுங்கள். நல்ல பிசியோ ஒப்புக்கொள்வார்.

## தைலம், நீவுதல், தொக்கணம்

இந்த மலையில் தைலம் இல்லாத வீடு கிடையாது. 1840-களில் இங்கே வந்த கற்பூர மரத்தின் (யூகலிப்டஸ்) எண்ணெய்க்கு நீலகிரித் தைலம் என்ற பெயரே நிலைத்துவிட்டது. சித்த மருத்துவத்தில் உடலைப் பிடித்து நீவிவிடும் தொக்கணம் தனிக் கலை. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று ஒன்பது வகை சொல்லி வைத்திருக்கிறார்கள். முறையாகப் படித்த சித்த மருத்துவர், நோயாளியின் எலும்பு நிலையும் மாத்திரைப் பட்டியலும் கேட்டுவிட்டு மென்மையான வகைகளை மட்டும் எடுத்தால் எனக்கு மறுப்பில்லை.

வீட்டில் அம்மா கழுத்திலும் தோளிலும் நீவி விடுவதற்குக் காசும் இல்லை, மலை இறங்க வேண்டிய அவசியமும் இல்லை. இரவில் ஒரு மனிதரின் சூடான கை முதுகில் இருப்பது மூச்சு முட்டுமோ என்று பயந்து படுப்பவருக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை நான் தினமும் பார்க்கிறேன். அதை எந்த அட்டவணையிலும் போட முடியாது.

எச்சரிக்கைகள் மூன்றுதான். கடுமையான வாசனை சிலருக்கு இருமலைத் தூண்டும். அவர்களுக்கு வெறும் தேங்காய் எண்ணெயே போதும். வலிக்காக இங்கே கடைகளில் விற்கும் வின்டர்கிரீன் தைலத்தில் இருக்கும் சாலிசிலேட் தோல் வழியாக உடலுக்குள் போகும். வார்ஃபரின் போன்ற ரத்தம் இளக்கும் மாத்திரை போடுகிறவருக்கு ரத்தக் கசிவை உண்டாக்கலாம். நீலகிரித் தைலத்தைச் சொட்டு விட்டுக் குடிப்பதோ மூக்குக்குள் விடுவதோ கூடவே கூடாது. மென்தால் கலந்த தைலம் மூக்கில் குளிர்ச்சி உணரும் நரம்பைத் தூண்டுவதால் மூச்சு திறந்ததுபோல் தோன்றும். குழாய் அதே அளவில்தான் இருக்கும்.

## தானே செய்யும் மூச்சு நுட்பங்கள்

யாரும் விளம்பரம் செய்யாததால் பலருக்கு இது போய்ச் சேர்வதில்லை.

சளிக்கு: முதலில் மூச்சுக்குழாயை விரிக்கும் இன்ஹேலர், 15 நிமிடம் இடைவெளி. தோளைத் தளர்த்தி அமைதியாகச் சில மூச்சு. பிறகு மூன்று நான்கு ஆழ்ந்த மூச்சு, உள்ளே இழுத்ததும் இரண்டு மூன்று நொடி நிறுத்தி மெல்ல விடுவது. மறுபடி அமைதியான மூச்சு. கடைசியில் வாயை 'ஓ' மாதிரி திறந்து, கண்ணாடியில் ஆவி படிய ஊதுவது போல் "ஹா" என்று தள்ளுவது. சளி தொண்டைக்கு வந்த பின் ஒரே ஒரு இருமல். முரட்டு இருமலைவிட இதில் களைப்பு குறைவு, சளியும் அதிகம் வரும்.

காற்றுத் தேக்கத்துக்கு: மூக்கால் இழுத்து, விசில் அடிக்க உதட்டைக் குவிப்பது போல் குவித்து, இழுத்ததைப் போல் இரு மடங்கு நேரம் விடுவது. படி ஏறும்போது நின்று மூச்சை இழுத்து, விட்டுக்கொண்டே ஏறுங்கள். இரைப்பு வந்தால் குன்னூர் படிக்கட்டுகளில் கைப்பிடிச் சுவர் மேல் முழங்கையை ஊன்றி முன்னால் சாய்ந்து நில்லுங்கள். நெஞ்சுத் தசைகளுக்கு அதுவே ஒரு கை கொடுத்த மாதிரி.

சளி கெட்டியாக உள்ளவர்களுக்கு அழுத்தத்தை எதிர்த்து ஊதும் சிறு கருவிகள் உதவும். வாங்க வசதியில்லாவிட்டால் தண்ணீர் பாட்டிலில் குழாய் விட்டுக் குமிழி ஊதும் முறை உண்டு. தண்ணீரின் ஆழத்தைப் பொறுத்து அழுத்தம் மாறும் என்பதால் பிசியோ ஒருமுறை காட்டிக்கொடுத்த பின்பே செய்யுங்கள், தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். மருந்துக்கடையில் எல்லாருக்கும் எடுத்துக்கொடுக்கும் மூன்று பந்துக் கருவி ஆபரேஷன் முடிந்தவர்களுக்காக வந்தது. மூச்சை உள்ளே இழுக்கப் பழக்குவது அது. வெளியே விட முடியாமல் தவிப்பவருக்கு அதை வாங்கிக் கொடுப்பதைவிட அந்தக் காசை வைத்திருக்கலாம்.

## பயிற்சியோடு கூடிய நுரையீரல் மறுவாழ்வு

டாக்டர் "நடங்க" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது இதைத்தான். நடப்பது, உட்கார்ந்து எழுவது, கைக்குச் சிறு எடை, மூச்சு நுட்பம், இன்ஹேலர் சரியாகப் போடக் கற்பது, சாப்பாடு, பயம் தணிப்பது எல்லாம் சேர்ந்த 6 முதல் 12 வாரத் திட்டம், வாரம் இரண்டு மூன்று முறை.

இதற்கான சான்று மற்ற எல்லாவற்றையும்விட மிக வலுவானது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழுவினர் 2015-ல் 65 ஆய்வுகளை, அவற்றில் இருந்த 3,822 நோயாளிகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். மூச்சிரைப்பு, களைப்பு, நடக்கும் திறன், வாழ்க்கைத் தரம் எல்லாவற்றிலும் தெளிவான முன்னேற்றம் இருந்தது. வழக்கமான கவனிப்போடு ஒப்பிட்டு இனியும் இதை நிரூபிக்க வேண்டிய தேவையில்லை என்றே எழுதினார்கள். இத்தனைக்கும் நுரையீரல் அப்படியேதான் இருக்கிறது. கால் வலுவாவதால், அதே நுரையீரலால் அதிகம் செய்ய முடிகிறது.

ஆனால் மலையில் இதற்கென்று சிக்கல்கள் உண்டு. நடக்கச் சமதரை எங்கே? வீட்டு வாசலைத் தாண்டினால் ஏற்றம், இல்லாவிட்டால் இறக்கம். கொடைக்கானல்காரர்களுக்கு ஏரியைச் சுற்றிய சாலை இருக்கிறது. தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீட்டில் இருப்பவருக்கு அந்த வசதி இல்லை. மழையிலும் பனியிலும் வெளியே போகவே முடியாத மாதங்களும் உண்டு. அதனால் நான் நாற்காலியிலிருந்து தொடங்குகிறேன். கையை ஊன்றாமல் ஒரு நிமிடத்தில் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணி எழுதிவைப்போம். அதுவே பயிற்சி, அதுவே பரிசோதனை. பிறகு வாசல்படி ஒன்றில் ஏறி இறங்குவது. மூச்சிரைப்பு 10-க்கு 4 முதல் 6 வரை போகலாம், பேச்சே வராத அளவுக்குப் போகக் கூடாது. விரல்மானி 88-க்குக் கீழே இறங்கினால் நின்று உட்கார வேண்டும். இதயக் கோளாறு இல்லை என்று டாக்டர் பார்த்த பிறகே தொடங்க வேண்டும்.

நிறுத்திவிட்டால் ஓராண்டுக்குள் பலன் கரைந்துவிடும் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். பிசியோ வருவது நின்ற பின்னும் நாற்காலி நிற்கக் கூடாது.

மலை இறங்காமல் உதவி பெற ஒரு வழி இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து இயன்முறைச் சிகிச்சை (பிசியோதெரபி) தருவதும் அடக்கம். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள். வருபவரிடம் "நெஞ்சைத் தட்டி விடுங்க" என்று மட்டும் கேட்காமல், "காலுக்குப் பயிற்சி எழுதிக் கொடுங்க" என்று கேளுங்கள்.

## ஒரே பார்வையில்

| | எந்தத் தொல்லைக்கு | சான்று | முக்கிய ஆபத்து | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|
| தட்டுதல் | அதிகச் சளி | சளி அதிகம் உள்ளவருக்கு ஓரளவு. மற்றவருக்குக் குறைவு | ரத்தச் சளி, எலும்பு முறிவு, ஆக்சிஜன் இறக்கம் | தினமும் இன்னொருவர் வேண்டும் |
| மேனுவல் தெரபி | கழுத்து, தோள், விலா இறுக்கம் | மூச்சுக்கு வலுவாக இல்லை | சொடுக்கில் எலும்பு முறிவு | முன்பணம், பயணம், ஒரு நாள் களைப்பு |
| தைலம், நீவுதல் | வலி, பயம், தூக்கம் | ஆறுதல் | வாசனை ஒவ்வாமை, ரத்தம் இளக்கும் மாத்திரையோடு சேர்க்கை | மிகக் குறைவு |
| மூச்சு நுட்பம் | சளி, காற்றுத் தேக்கம் | நல்லது | குறைவு | கற்றுக்கொள்ள இரண்டு மூன்று முறை |
| மறுவாழ்வுப் பயிற்சி | கால் பலவீனம், மொத்த மூச்சிரைப்பு | மிக வலுவானது | கவனிக்காமல் செய்தால் ஆக்சிஜன் இறக்கம் | பொறுமை. முதல் மூன்று வாரம் கடினம் |

இந்த அட்டவணைக்குள் வராத ஒன்று வீட்டுப் புகை. குளிருக்காக அறையைச் சாத்திக்கொண்டு கும்பட்டியில் கரி மூட்டும் வழக்கம் இன்னும் போகவில்லை. விறகடுப்பும் எரிகிறது. கரியில் வரும் கார்பன் மோனாக்சைடு உயிரையே எடுக்கும். புகை நுரையீரலைத் தின்னும். அது எரிந்துகொண்டிருக்கும் வீட்டில் எந்த சிட்டிங்குக்கும் நான் பணம் வாங்கமாட்டேன். முதலில் கும்பட்டி வெளியே போகட்டும், கம்பளியும் வெந்நீர்ப் பையும் உள்ளே வரட்டும்.

## அந்த அப்பாவுக்கு என்ன செய்தோம்

நேரில் போய்ப் பார்த்தேன். காலையில் ஒரு ஸ்பூன் அளவு வெள்ளைச் சளி, அவ்வளவுதான். தட்டுவதற்கு அங்கே வேலையில்லை. கழுத்தின் இரு பக்கமும் கயிறு மாதிரி இறுகியிருந்தது, இரவில் மூன்று முறை எழுந்தார். ஸ்டீராய்டு மாத்திரையை மூன்று வருடமாக விட்டு விட்டுச் சாப்பிட்டிருந்தார். ஒரு நிமிடத்தில் 9 முறைதான் நாற்காலியிலிருந்து எழ முடிந்தது. இன்ஹேலரை வாயில் வைத்து அழுத்திய பிறகுதான் மூச்சை இழுத்தார். பாதி மருந்து நாக்கிலேயே நின்றிருக்கும்.

பத்து சிட்டிங்குக்கு வைத்திருந்த பணத்தை இப்படிப் பிரித்தோம். கழுத்துக்கும் விலாவுக்கும் மென்மையான கையாளல் இரண்டு முறை, இரண்டாவது முறை அம்மாவின் கையைப் பிடித்து எங்கே அழுத்துவது, எங்கே அழுத்தக் கூடாது என்று காட்டிக்கொடுத்தேன். மருந்து நாக்கில் நிற்காமல் உள்ளே போக இன்ஹேலரோடு மாட்டும் ஸ்பேசர் குழல் ஒன்று. விரல்மானி ஒன்று. மீதி, வாரம் ஒருமுறை நான் போய்ப் பயிற்சியைக் கூட்டிக்கொடுக்க. மற்ற நாட்களில் மகள் எண்ணினார், காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினார்.

முதல் மூன்று வாரம் அவர் என்மேல் கோபமாகத்தான் இருந்தார். "தட்டி விட்டாலாவது ஏதோ செஞ்ச மாதிரி இருக்கும், இந்தம்மா உட்கார் எந்திரிங்குது" என்று மகளிடம் சொன்னாராம். நான்காவது வாரம் கழிப்பறைக்குத் துணையில்லாமல் போய்வந்தார். ஐப்பசி மழைக்கு முன் எண்ணியபோது ஒரு நிமிடத்தில் 14 வந்தது. வீட்டிலிருந்து ரோட்டுக்கு ஏற 22 படி. நடுவில் இரண்டு முறை நின்று, உதட்டைக் குவித்து ஊதி, மேலே போய் மகளுக்குக் கையசைத்தார். தைலம் இப்போதும் உண்டு, இரவில் கழுத்துக்கு மட்டும்.